மூன்று விநாடி நின்றவள்

ஐந்தாம் வகுப்பு டீச்சர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் வைத்து அந்த மாதிரிக் காரியத்தைச் செய்யலாமா, அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றெல்லாம் அவர் விசாரித்துக்கொள்ளவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து மணியடித்ததும் முதல் கால் மணி நேரம் அதற்குத்தான். டீச்சரின் மேசைக்கடியில் ஒரு சோப்புக் கம்பெனி அட்டைப்பெட்டி இருந்தது. அதில் நாற்பது ஐம்பது கதைப் புத்தகங்கள். பாதிக்கு அட்டை கிடையாது, சிலவற்றுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. டீச்சர் ஒன்றை எடுத்து உரக்க வாசிப்பார். கிணற்றுக்குள் விழுந்தவன் கைக்குக் கயிறு எட்டுமா எட்டாதா என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, “இப்ப என்ன ஆகும்?” என்று கேட்பார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் முப்பத்தெட்டு விதமாகக் கத்துவார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் படிப்பார்கள். சட்டம் ஒன்றுதான். புரியவில்லை என்றால் டெஸ்க்கில் தட்டி நிறுத்த வேண்டும். நிறுத்தியவரைப் பார்த்துச் சிரித்தவர் அன்றைக்குக் கரும்பலகை துடைக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவள் ஒரு பெண். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. வகுப்பில் அவள் பெயர் பிரேக்கு. நாலு வரிக்கு ஒரு தடவை நிற்பாள். “டீச்சர், ராஜாவுக்குக் கோவம்னு போட்டிருக்கு. அடுத்த வரியில சிரிச்சாருன்னு போட்டிருக்கு. கோவமா இருக்கறவரு ஏன் சிரிக்கறாரு?” என்பாள். போன வருஷம் வரைக்கும் எழுத்துக் கூட்டவே திணறினவள் அவள். இப்போது ராஜாவையே கேள்வி கேட்கிறாள். டீச்சருக்கு அதில் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

பிரேக்கின் அம்மா சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கிறவர், படிக்கத் தெரியாதவர். ஒருநாள் சூப்பர்வைசர் எல்லாப் பெண்களிடமும் ஒரு தாளைக் கொடுத்து, “லீவு ஃபாரம், கையெழுத்துப் போடுங்க” என்றிருக்கிறார். பதினோரு பேர் அங்கேயே போட்டுக்கொடுத்துவிட்டார்கள். இவர் மட்டும், “பொண்ணுகிட்ட காட்டிட்டு வர்றேன்” என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். பிரேக்கு வாசலில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். மூன்றாவது வரியில் வழக்கம்போல நின்றாள். “அம்மா, இது லீவு இல்லம்மா. நீயா இஷ்டப்பட்டு வேலைய விட்டுட்டுப் போறதா எழுதியிருக்கு.”

அந்தப் பதினோரு பேருக்கும் இன்றைக்கு வேலை இல்லை. பிரேக்கின் அம்மாவுக்கு இருக்கிறது. மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று டீச்சரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்படியே வேலைக்குப் போய்விட்டார். டீச்சர் வாங்கிய பரிசு என்றால் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் அரசாங்கத்துக்குத்தான் என்ன மரியாதை? அந்த வருஷம் எங்கள் ஊருக்கு வாசிப்பு விரைவாக்க இயக்ககம் வந்து சேர்ந்தது.

முதல் சுற்றறிக்கை புத்தகங்களைக் காப்பாற்ற வந்தது. பிள்ளைகள் தொடுவதால் புத்தகங்கள் கெடுகின்றன என்று இயக்ககம் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தது. அதனால் எல்லாப் புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, எண் போட்டு, வகுப்பின் ஒரு மூலையில் ‘வாசிப்புப் பூங்கா’ அமைத்து, அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்ட வேண்டும். கயிற்றுக்குள் யாரும் போகக் கூடாது. ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு இரண்டு பிள்ளைகள் பூங்காவில் புத்தகத்தோடு சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோவை அனுப்ப வேண்டும். கயிற்றுக்குள் போகாமல் பூங்காவில் எப்படிச் சிரிப்பது என்று ஹெட்மாஸ்டர் போன் செய்து கேட்டார். போட்டோ எடுக்கும் நேரத்துக்கு மட்டும் கயிற்றை அவிழ்த்துக்கொள்ளலாம் என்று எழுத்துமூலம் தெளிவுரை வந்தது.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருந்தது. அந்த ஒன்றரை வருஷத்தை யார் கண்ணிலும் படாமல் கடத்திவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே கல்விக் கொள்கை. “எதுக்கும்மா வம்பு? கட்டச் சொன்னா கட்டிருவோம். கயிறுதானே?” என்றார்.

அடுத்து ஆசிரியர் பயிற்சி. பெரிய மண்டபத்தில் இருநூறு ஆசிரியர்களை உட்காரவைத்து இயக்குநரே பேசினார். நல்ல குரல், நல்ல கண்ணாடி. தனக்குப் பின்னால் இருந்த திரையில் ஓர் ஓடுகிற குதிரையின் படத்தைப் போட்டுக்கொண்டு பேசினார்.

“நம் பிள்ளைகள் ஏன் வாசிப்பில் பின்தங்கியிருக்கிறார்கள்? நான் சொல்கிறேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே யோசிக்கிறார்கள்! ஒரு நேரத்தில் இரண்டு வேலை! இந்தப் பழக்கத்தை எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. இனிமேல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் வாசிக்க வேண்டும். மூன்று விநாடி எங்கே நின்றாலும் அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று பொருள். மூன்று விநாடிக்குள் என்னவெல்லாம் செய்யலாம் தெரியுமா? நான் ஒரு கோப்பில் கையெழுத்தே போட்டுவிடுவேன்.”

மண்டபம் கைதட்டியது. டீச்சர் கையை உயர்த்தினார். பக்கத்தில் இருந்த ஆசிரியை அவர் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அதற்குள் இயக்குநர் பார்த்துவிட்டார்.

“ஐயா, படிக்கறது பிள்ளைங்களுக்குப் புரியுதான்னு எப்பப் பார்க்கறது?”

“நல்ல கேள்வி” என்றார் இயக்குநர், அந்தக் கேள்வி பிடிக்கவில்லை என்பது இருநூறு பேருக்கும் புரியும்படி. “புரிதல் என்பது நமது திட்டத்தின் மூன்றாம் கட்டம். அதற்கு இன்னும் கோப்பு திறக்கப்படவில்லை. கோப்பு திறக்கும்வரை யாரும் தன்னிச்சையாகப் புரியவைக்கும் பணியில் இறங்க வேண்டாம். மாநிலம் முழுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் புரிந்துகொள்வதுதான் சமத்துவம்.”

அன்று ஆளுக்கு ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். எல்லாத் தாளிலும் ஒரே கதை: வாத்தும் நரியும். சோதனைக்கு இந்தத் தாள்தான், இரண்டு வருஷமாக மற்ற ஊர்களில் எல்லாம் இதேதான், வேறு எதையும் படிக்கவைத்து நேரத்தை வீணாக்கக் கூடாது. தொண்ணூறு சொல் கொண்ட கதை. ஒரு குளத்தில் வெள்ளை வாத்து இருந்தது. நரி வந்து முட்டை கேட்டது. வாத்து தந்திரமாகத் தப்பித்தது. அவ்வளவுதான்.

டீச்சரும் படிக்கவைத்தார். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவரும் சம்பளக்காரர்தான். கால் மணி நேரக் கதை போனது, அட்டைப்பெட்டி காலியாக மேசைக்கடியில் கிடந்தது, வாத்து வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் வாத்து, மதியம் வாத்து, விளையாட்டு பீரியடிலும் வாத்து. மூச்சை எங்கே இழுப்பது, எங்கே விடுவது என்று பி.டி. மாஸ்டர் வந்து பயிற்சி கொடுத்தார். வாரத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘முற்றுப்புள்ளி கண்ணுக்கு மட்டுமே, வாய்க்கு அன்று’ என்றது ஒன்று. ‘உணர்ச்சியோடு வாசிப்பதால் ஒரு பிள்ளைக்கு நான்கு விநாடி விரயமாகிறது, நரி பேசும் இடத்தில் குரலை மாற்றும் பிள்ளைகளைக் கண்டறிந்து திருத்தவும்’ என்றது இன்னொன்று.

வகுப்பு குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி இரைந்தது. பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் இது வேடிக்கையாக இருந்தது. பந்தயம் கட்டி ஓட்டினார்கள். அதில் ஒருத்தன் நிமிடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு சொல்லைத் தொட்டு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வாங்கினான். தாளைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு படிப்பான். திறந்தால் வேகம் குறைந்துவிடுகிறதாம்.

“ஏன்டா, நரி வாத்துகிட்ட என்ன கேட்டுச்சு?” என்று ஒருநாள் டீச்சர் அவனை நிறுத்திக் கேட்டார்.

“எந்த நரி டீச்சர்?” என்றான் எக்ஸ்பிரஸ்.

சோதனை நாளும் வந்தது. சோதிக்க வந்தவர் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஸ்டாப் வாட்ச் தொங்கியது. அவர் வந்த அரை மணி நேரத்தில் பிள்ளைகள் அவருக்குக் கடிகாரத்தார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “ம்” என்றால் ஆரம்பிக்க வேண்டும், “க்ளிக்” என்றால் நிறுத்த வேண்டும். எக்ஸ்பிரஸ் படித்து முடித்தபோது மட்டும் நிமிர்ந்து, “சபாஷ்” என்றார். பிறகு பிரேக்கின் முறை வந்தது.

“ம்.”

பிரேக்கு படிக்க ஆரம்பித்தாள். கூட்டத்தோடு கத்தாமல் அந்தத் தாளை அவள் தனியாகப் படிப்பது அதுதான் முதல் தடவை. நிதானமாக, முற்றுப்புள்ளிக்கு முற்றுப்புள்ளி மூச்சு விட்டு. சுற்றறிக்கையை மீறி நரிக்குக் கட்டைக் குரல் வேறு போட்டாள். இரண்டு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் டீச்சர் அந்தக் கதையைக் கதையாகக் கேட்டார். ‘வாத்து நடுங்கியது’ என்ற இடத்தைத் தாண்டியதும் அவள் குரல் தயங்கியது. அடுத்த வரியை வாய்க்குள் ஒருமுறை படித்தாள். கடிகாரத்தார் வாட்ச்சைப் பார்த்தார். பிரேக்கு டெஸ்க்கில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“சார், இது யாரு சொல்றது? வாத்தா, நரியா?”

“க்ளிக்” என்றது வாட்ச்.

“‘இந்த வரி வேண்டாம், எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்பவும்’னு போட்டிருக்கு சார். வாத்து எதுக்கு சார் அச்சுக்கு அனுப்பணும்?”

“மூணு செகண்டு தாண்டிருச்சு. அடுத்த ஆள்” என்றார் கடிகாரத்தார். பிரேக்கின் பெயருக்கு நேராக ‘வாசிக்கத் தெரியாதவர்’ என்று எழுதினார்.

டீச்சர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். ‘வாத்து நடுங்கியது. இந்த வரி வேண்டாம், எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்பவும். நாளைக்கு வா, பெரிய முட்டை தருகிறேன் என்றது வாத்து.’ அச்சுக்குப் போகும் முன் யாரோ ஓரத்தில் குறித்துவைத்ததைக் கதைக்குள் சேர்த்து அடித்திருக்கிறார்கள். குருடனுக்குக்கூடத் தெரியும். அதை முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு நாளைக்குப் பத்து தடவை, இரண்டு மாசம் டீச்சரின் காதுக்குள் கத்தியிருக்கிறார்கள். ஒரு தடவைகூட அவருக்கு உறைக்கவில்லை. முதலில் வெட்கம்தான் வந்தது. தன்னையே பளாரென்று அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குப் பிறகு வந்தது கோபம்.

‘வாசிக்கத் தெரியாதவர்’ என்று எழுதப்பட்டவர்களுக்கு ஒரு தண்டனை இருந்தது. தண்டனை என்று சொல்ல மாட்டார்கள். ‘அடிப்படை அரங்கம்’ என்பார்கள். பள்ளிக்குப் பின்னால் இருந்த சைக்கிள் ஷெட்டுதான் அரங்கம். அங்கே ஒரு வருஷம் முழுக்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘அ’ எழுத வேண்டும். கதை, புத்தகம், கேள்வி எதுவும் கிடையாது.

மறுநாள் டீச்சர் லீவு போட்டுவிட்டு இயக்ககத்துக்குப் போனார்.

முதல் அறையில் பிரிவு அதிகாரி தாளை வாங்கி, உதடு அசைய, இருபத்தைந்து விநாடியில் படித்து முடித்தார். “சரியாத்தானேம்மா இருக்கு?”

“இன்னொரு தடவை படிங்க சார்.”

அவர் இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை இருபத்திரண்டு விநாடி. “இதுல என்ன குறை? நல்லா வேகமாத்தான் போகுது” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது அறையில் துணை இயக்குநர். “இதை நான் நூறு தடவை படிச்சிருப்பேன்” என்றார். டீச்சர் வரியின்மேல் விரலை வைத்தார். விரலை எடுக்கவில்லை. துணை இயக்குநர் படித்தார், நின்றார். அவர் முகம் வெளிறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியும்.”

“நாப்பது லட்சம் காப்பிம்மா. ரெண்டு வருஷம். மாநிலத்துல இருக்கற அத்தனை பிள்ளையும் இதைப் படிச்சிருக்கு. ஒருத்தர்கூட நிக்கல.”

“அதைத்தான் சார் நானும் சொல்றேன். ஒருத்தர்கூட நிக்கலைன்னா ஒருத்தருக்கும் படிக்கத் தெரியலைன்னு அர்த்தம். நின்னவளுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அவளைத் தூக்கி ஷெட்டுல போடறீங்களே, இது நியாயமா?”

துணை இயக்குநர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். ஒரு மனுஷன் நல்லவனாவதற்கும் அதிகாரியாகவே இருப்பதற்கும் நடுவே தத்தளிக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் அதிகாரி ஜெயித்தார். “பாருங்க, இதைத் தப்புன்னு ஒத்துக்கிட்டா ரெண்டு வருஷ ரிசல்ட்டும் தப்பாயிடும். ரிசல்ட் தப்பா இருக்க முடியாது, ஏன்னா அதுக்கு விருது வாங்கியாச்சு. அப்ப தாளு சரி. தாளு சரின்னா நின்னவதான் தப்பு. என்னால இதுக்கு மேல யோசிக்க முடியாது, இயக்குநரையே பாருங்க.”

மூன்றாவது அறையில் இயக்குநர் இருந்தார். மேசைக்குப் பின்னால் சுவரில் அந்தக் கதையே பெரிய எழுத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அந்த வரியும் அதில் பளிச்சென்று இருந்தது. டீச்சர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அந்த வரியைப் போய் தப்பு என்கிறீர்களே! போன மாதம் விழாவில் நான் அதைப் படித்தபோது மண்டபமே அமைதியானது. ‘இந்த வரி வேண்டாம்.’ என்ன துறவு! ஒரு சின்ன வாத்து, உயிர் போகிற நேரத்தில், தன்னுடைய வரியையே வேண்டாம் என்கிறது! இலக்கியம் என்றால் இதுதான். எனக்குக் கண் கலங்கிவிடும்.”

“அது வாத்து சொல்லல ஐயா. அச்சகத்துக்கு எழுதின குறிப்பு.”

“அது உங்கள் புரிதல். நான்தான் ஏற்கெனவே சொன்னேனே அம்மா, புரிதலுக்கு இன்னும் கோப்பு திறக்கவில்லை.”

சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் இருந்த கட்டிலிருந்து ஒரு கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் மனசுக்குள் எண்ணினார். இரண்டு விநாடி.

அந்தப் பயணத்தால் ஒரு பலன் கிடைத்தது. பத்து நாளில் எல்லாப் பள்ளிக்கும் ஒரு வழிகாட்டிக் கையேடு வந்தது. அதில் நாலாவது கேள்வி: ‘வாத்து எதை வேண்டாம் என்றது?’ விடை: ‘தன் வரியை.’ ஐந்தாவது கேள்வி: ‘இதிலிருந்து வாத்தின் எந்தக் குணம் தெரிகிறது?’ விடை: ‘தியாகம்.’ எக்ஸ்பிரஸ் இரண்டு விடையையும் ஒரே மூச்சில் ஒன்றரை விநாடியில் சொன்னான். பூனைக்கு மணி கட்டப் போன இடத்தில் பூனைக்குப் பட்டம் சூட்டி அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பிரேக்கின் அம்மா வந்தார். இந்தத் தடவை கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. வகுப்பு வாசற்படியிலேயே நின்றார். சேலையில் வெள்ளை நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

“டீச்சர், அவ ஷெட்டுல உக்கார மாட்டேங்கறா. சின்னப் பசங்க சிரிப்பாங்களாம். ‘எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதிட்டாங்க இல்ல, அப்புறம் எதுக்கு ஸ்கூலு? நானும் உன்கூட பட்டன் தைக்க வந்துடறேன்’ங்கறா. பத்து வயசு டீச்சர் அவளுக்கு.”

“இன்னும் ஆர்டர் வரலம்மா. கொஞ்சம் பொறுங்க.”

“நான் படிக்காதவ, எனக்கு உங்க ஆர்டர் எல்லாம் தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னா, அன்னிக்கு என் வேலையக் காப்பாத்திக் குடுத்தது யாரு?”

“ஆர்டர் வர்ற வரைக்கும் அவளை எங்கயும் அனுப்பாதீங்க. எனக்காக” என்று மட்டும் டீச்சர் கேட்டுக்கொண்டார். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த ஆர்டர் தயாராகிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளையை அரங்கத்துக்கு மாற்றும் ஆணையின் வரைவை வகுப்பாசிரியரே தன் கைப்பட எழுத வேண்டும். அது ஹெட்மாஸ்டரில் தொடங்கி இயக்குநர் வரைக்கும் ஏழு கையெழுத்து வாங்கி, தட்டச்சாகி, முத்திரையோடு திரும்பி வரும். வந்த ஆணையை வரிக்கு வரி அப்படியே நிறைவேற்ற வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் ஒழுங்கு நடவடிக்கை. கொலை செய்கிறவனுக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுக்கிற வேலையை டீச்சரிடமே கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் மதியம், கதை நேரமாக இருந்த அதே கால் மணி நேரத்தில், டீச்சர் வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றிலும் வாத்து இரைந்துகொண்டிருந்தது. முதல் பத்தி வழக்கமான மேற்படிகள். இரண்டாவது பத்தியில், ‘மேற்படி மாணவி ஐந்தாம் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டு அடிப்படை அரங்கத்துக்கு மாற்றப்படுகிறார்’ என்று எழுதினார். பேனா நின்றது. மூன்று விநாடிக்கு மேலேயே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, அதை அடுத்து, அதே குண்டு குண்டான எழுத்தில், எழுதவேண்டியதை எழுதி முடித்தார்.

ஹெட்மாஸ்டர் போனில் யாரிடமோ பூங்காவின் கயிறு நிறம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே பேனாவைத் திறந்தார்.

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்” என்றார் டீச்சர். அவருக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் இல்லையா?

“நீங்க எழுதினா சரியாத்தான்மா இருக்கும்” என்று ஹெட்மாஸ்டர் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார்.

பதினோரு நாள் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. எந்த மேசையிலாவது எவராவது ஒருத்தர் நின்று படித்துவிட்டால் வேலை போய்விடும். அதைவிட, அந்தப் பெண் ஷெட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் நம் ஆபீஸ்களைப் பற்றி அப்படிச் சந்தேகப்பட்டதே தப்பு. பன்னிரண்டாம் நாள் ஆணை வந்தது. ஏழு கையெழுத்து, வட்ட முத்திரை. தட்டச்சு செய்தவர் ஓர் எழுத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

டீச்சர் அதை ஹெட்மாஸ்டரின் மேசையில் வைத்து, சிவப்புப் பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து, இரண்டாவது பத்தியின் முதல் வரியை நேராக அடித்தார்.

ஹெட்மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “ஐயோ, என்னம்மா பண்றீங்க? மேலிடத்து ஆர்டர்! அடிக்கலாமா?”

“மேலிடமே எடுக்கச் சொல்லியிருக்கு சார். ஆர்டரை அப்படியே நிறைவேத்தணும்னு நீங்கதானே சொல்வீங்க?”

“எங்க சொல்லியிருக்கு?”

“படிங்க.”

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் அவர் ஒரு தாளை நின்று படித்தது அன்றைக்குத்தான் இருக்கும். ‘மேற்படி மாணவி ஐந்தாம் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டு அடிப்படை அரங்கத்துக்கு மாற்றப்படுகிறார். இந்த வரி வேண்டாம், எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்பவும்.’ கீழே முதல் கையெழுத்து அவருடையது. ஏழாவது, இயக்குநருடையது. அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

“இது... நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே.”

“ஏழு பேரும் போட்டிருக்கீங்க சார். இப்ப இது தப்புன்னு மேல எழுதலாம். எழுதினா, ஏழு பேரும் படிக்காமப் போட்டோம்னு எழுதணும். எழுதட்டுமா?”

ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சைக்கிள் ஷெட்டு தெரிந்தது. “வேண்டாம்மா” என்றார் ரொம்பச் சின்னக் குரலில். “ஆர்டர் ஆர்டர்தான்.”

டீச்சர் நேராக வகுப்புக்குப் போனார். கத்திரிக்கோலால் பூங்காவின் சிவப்புக் கயிற்றை வெட்டினார். பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றிப் புத்தகங்களைப் பழைய சோப்புப் பெட்டியில் அள்ளிப் போட்டார். வாத்து இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எக்ஸ்பிரஸ்தான் முதலில் எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு எட்டியதா என்று மூன்று மாசமாக அவனுக்கும் தெரியாது.

கடைசி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது வெளியே போகச் சொல்வார்கள் என்று பிரேக்கு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் ஆணையை அவள் முன்னால் வைத்தார். “படி.”

அவள் வழக்கம்போல நிதானமாகப் படித்தாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்ததையும் படித்தாள். அடுத்த வரியில் நின்றாள். முகம் மலர்ந்தது. பையைக் கீழே வைத்தாள். ஆனால் படிப்பதை விடவில்லை. கடைசி வரைக்கும் போய், கையெழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். பிறகு டெஸ்க்கில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“டீச்சர், ஏழு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“ஆமா.”

“ஒருத்தர்கூட இந்த வரியில நிக்கலையா?”

“நிக்கல.”

“அப்ப இவங்களுக்குத்தான படிக்கத் தெரியாது? இவங்களை எல்லாம் எந்த ஷெட்டுல உக்கார வெப்பாங்க?”

“அவ்வளவு பெரிய ஷெட்டு இன்னும் கட்டலடி” என்றார் டீச்சர்.